பின் சீட்டில் கேட்கும் சத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தொண்ணூற்றேழில், ஓணம் கழிந்த ஒரு பகல். பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் கடகடவென்று என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்து சீட்டில் அவருடைய கறுப்புக் கோட்டு மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பின் சீட்டில் ஓர் அம்மாள். அவள் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். சண்டை என்று நினைத்தேன். ஆனால் ஓட்டியவரின் முகத்தில் சண்டையே இல்லை. பாயசம் குடித்து முடித்தவனின் முகம்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் பஸ் வரத் தாமதமானதால் உண்டானது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "காலம் ஒரு பழைய வாகனம். அதன் ஒவ்வொரு திருகாணியிலும் மனிதனின் தனிமை…"

நிறுத்திவிட்டேன். திருகாணியில் துருதான் இருக்கும். தனிமை இருக்கிறது என்று எழுதுகிறவன் ஸ்பானர் பிடித்ததில்லை.

இரண்டாவது தொடக்கம்: "வக்கீல் நெல்லையப்பன் பிள்ளையின் காரில் ஒரு சத்தம் இருந்தது." இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

(காரின் கம்பெனிப் பெயரை எழுதமாட்டேன். வழக்குக்குப் பயந்து அல்ல. வழக்கு வந்தால் புத்தகம் விற்கும். பெயரை எழுதினால் அதே கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் காரின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பயந்து.)

2

நெல்லையப்பன் பிள்ளையின் முன்னோர் திருவிதாங்கூர் சர்க்காரில் எழுத்து வேலை பார்த்தவர்கள். நிலம் உண்டு, நிலத்தைப் பற்றிய பேச்சு நிலத்தைவிட அதிகம் உண்டு. வீடு பாறசாலையில், வக்கீல் தொழில் நெய்யாற்றின்கரையில். பழைய காரை வாங்கிக்கொண்டு வந்த முதல் வாரமே அதன் சத்தம் அவரைச் சீண்டியது. மேடுபள்ளம் வந்தால் போதும், உள்ளே எங்கேயோ ஒரு கடகடப்பு, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல.

உதியங்குளங்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மோகனனிடம் கொண்டுபோனார். மோகனன் சார்ஜாவிலிருந்து திரும்பியவன். உடம்பு மட்டும்தான் திரும்பியிருந்தது.

"சாரே, இது வண்டியோட சத்தம் இல்ல. ரோட்டோட சத்தமாக்கும். சார்ஜாவில இதே வண்டிய ஓட்டினா உள்ள பிள்ள கெடந்து உறங்கும்."

"எலே, நான் சார்ஜாவிலயா கேஸ் நடத்துதேன்? எனக்கு இஞ்ச நிக்கணும் சத்தம்."

"நிப்பாட்டித் தாறேன். பட்சே நேரம் எடுக்கும்."

"நேரம் எடு. முறைப்படி எடு. சந்தேகப்பட்டவன் ஒவ்வொருத்தனா கூண்டில ஏத்தணும். குற்றமில்லேன்னா விடுதலை. கடசீல எவன் மிஞ்சுதானோ அவனாக்கும் குற்றவாளி."

அப்படியே நடந்தது. ஜாக்கியைச் சாக்கில் சுற்றினார்கள். ஸ்டெப்னியை இறக்கிவிட்டு ஓட்டிப்பார்த்தார்கள். சாம்பல் கிண்ணம், டேஷ்போர்டின் மேலிருந்த முருகன் (இவரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது), நம்பர் பிளேட், புகைக்குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பு எல்லாம் விசாரிக்கப்பட்டன. கதவுகளின் உள்பலகையைப் பிரித்து, பாலராமபுரத்துத் தறிகளிலிருந்து வாங்கிவந்த கழிவு நூலைப் பஞ்சுமெத்தைபோல அடைத்தார்கள்.

(கதவைப் பிரித்தார்கள் என்றதும் உள்ளே ஒரு பழைய மோதிரமோ ஜெபமாலையோ கிடைக்கும் என்று காத்திருந்த வாசகர் மன்னிக்கவும். கிடைத்தது கடலைத் தோல்.)

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பெருங்கடவிளை வழியிலுள்ள குண்டும் குழியுமான ஓர் இடத்தில் வண்டியை விட்டுப்பார்ப்பார். இறங்கி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வார்: "கொறஞ்சிருக்கு." அடுத்த மாதம்: "இன்னும் கொறஞ்சிருக்கு." இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல். கடைசியில், ஏதோ நாலு ரப்பர் வாஷர் மாற்றிய அன்று, கையைத் தட்டிச் சொன்னார்: "போச்சு! சத்தம் போயே போச்சு!"

மோகனன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறவரிடம் உப்பு குறைவு என்று எந்தச் சமையல்காரன் சொல்வான்?

அடுத்த வாரம் வாசகசாலை ஆண்டுவிழாவில் நெல்லையப்பன் பேசினார். தலைப்பு, "சத்தமும் சட்டமும்". உண்மையைக் கண்டுபிடிப்பது காரின் சத்தத்தைக் கண்டுபிடிப்பதுபோல, பொறுமையுள்ள காதுக்கு மட்டுமே அது அகப்படும் என்றார். கைதட்டினார்கள். பின்வரிசையில் அவர் மனைவி நீலாம்பாள் மட்டும் கைதட்டவில்லை. அவள் அந்தக் காரில்தான் வந்திருந்தாள்.

3

இங்கே ஒரு சிக்கல். என் முதல் வரைவில் நீலாம்பாளுக்கு ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: "மெள்ளப் போங்க." அதுவும் வண்டி நின்ற பிறகு. பிள்ளைவாளைக் கிண்டலடிக்கும் உற்சாகத்தில், பின் சீட்டில் ஒரு ஆள் இருப்பதை நானும் மறந்துவிட்டேன். ஆகவே இனி கதை பின் சீட்டிலிருந்து.

அந்த வீட்டு வழக்கம் இது. முன் சீட்டு கட்சிக்காரர்களுக்கும் குடும்பத்துப் பெரியவர்களான காரணவன்மாருக்கும். அவர்கள் இல்லாதபோது கோட்டுக்கு. மனைவி பின்னால், இடதுபக்கம். ஆகவே அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலிருந்தே நீலாம்பாளுக்குத் தெரியும். அவள் தலைக்குப் பின்னால், பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை. அதன் ஒரு ஓரம் பிடி விட்டுப்போயிருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் சத்தம் நிற்கும். எடுத்தால் வரும்.

அப்போதே சொன்னாள்: "இஞ்ச பாருங்க, சத்தம் பின்னால ஆக்கும்."

"சாட்சி, கேட்டாத்தான் சொல்லணும்" என்றார் நெல்லையப்பன், நகைச்சுவையாக. அவரே சிரித்தார்.

பிறகு அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

"போச்சு" என்று அறிவித்த அன்று நீலாம்பாளையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது சத்தம் முன்பைவிட மோசமாக இருந்தது. சாலையோரம் கப்பக்கிழங்கு விற்றவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டியா?" என்றார் அவர், திரும்பாமலே.

"என்னத்த?"

"அதாக்கும் நான் சொல்லுதது! கேக்கதுக்கு ஒண்ணுமே இல்ல பாத்தியா!"

நீலாம்பாள் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பலகையை அழுத்தினாள். நிசப்தம். கையை எடுத்தாள். கடகடகட. அழுத்தினாள். எடுத்தாள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். சிவபுராணத்தின் ஏதோ அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், தாளம்கூடத் தப்பவில்லை.

"வண்டி கெடந்து அலறுது" என்றாள், பேசுகிற சத்தத்தில்.

முணுமுணுப்பு தொடர்ந்தது.

"வண்டி கெடந்து அலறுது!"

"வல்லதும் சொன்னியா?"

"இல்ல."

அவள் நெஞ்சில் ஒரு இடி…

இல்லை, இடியெல்லாம் இல்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வருஷத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. மகன் சுனில்குமார் பெங்களூரிலிருந்து போன் செய்தால், "நீயே பேசு, எனக்கு வேலை கெடக்கு" என்று ரிசீவரை நீட்டுவது. மோகனன் ஒவ்வொரு தடவையும் செய்த வேலை. சத்தம் குறைந்துகொண்டே வந்தது உண்மைதான். குறைந்தது காரில் அல்ல.

4

நெல்லையப்பன் பிள்ளையின் புகழைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். அந்தப் புகழின் பெயர் "மறுபடி".

சாட்சி ஒன்று சொல்வான். பிள்ளைவாள் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து, "மறுபடி சொல்லு" என்பார். சாட்சிக்கு வேர்க்கும். மறுபடி சொல்வான். "மறுபடி." மூன்றாவது தடவை பொய்ச்சாட்சி உளறிவிடுவான். இரண்டு வருஷமாக நெய்யாற்றின்கரையில் இதுதான் பேச்சு. ஜூனியர் வக்கீல்கள், நல்ல காதுள்ளவர்கள், காதுக்குப் பின்னால் கையை வைத்து "மறுபடி" என்று பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊர், செவிட்டுத்தனத்தைச் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டது. வக்கீல் கேட்டால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முதலில் நம்பியவர் பிள்ளைவாள்தான். தனக்குக் கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாது. சாட்சிகள் எல்லாம் பயத்தில் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்தார்.

ஆனால் எதிர்த்தரப்புக்குப் புத்தி வந்துவிட்டது. போன மாசம் அவருடைய கட்சிக்காரி கிருபாபாயின் கிணற்று வழக்கில் எதிர்ச் சாட்சி வாய்தவறி, "அது பொதுக் கிணறுதான்" என்று சொல்லிவிட்டான். அதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். பிள்ளைவாள் "மறுபடி" என்றார். சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. மறுபடி திருத்திச் சொன்னான். கிருபாபாய்க்கு இப்போது தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில்தான். அவள் வீட்டுக்கு வந்து நீலாம்பாளிடம் அழுதுவிட்டுப் போனாள்: "அவன் சொன்னத நானே கேட்டேனே, சாரு ஏன் மறுபடி கேட்டாரு?" அப்போது நீலாம்பாளுக்கு விளங்கவில்லை. காரில் விளங்கியது.

இனி பத்ரோஸ் வருகிறான். பொழியூரில் மீன்பிடிக்கிறவன். அவனுடைய வீடு நிற்கும் மண் தன்னுடையது என்று பக்கத்துத் தோப்புக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். எல்லைக்கல் எங்கே நாட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. அன்று அளவுச் சங்கிலி பிடித்தவர் செல்லசாமி, தோப்புக்காரரின் சாட்சி. திங்கட்கிழமை அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். செல்லசாமி பேசினால் பாதி மீசையிலேயே தங்கிவிடும். வாய்தவறி ஒரு உண்மை விழுந்தால், அது ஒரே ஒரு தடவைதான் விழும்.

5

நீலாம்பாள் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட பதில் எழுதியிருந்தேன். பெண், மௌனம், மரபு என்றெல்லாம் வந்தது. கிழித்துவிட்டேன். உண்மை அதைவிடச் சின்னது, அதைவிடக் கூச்சமானது.

அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.

முதலில் சோதனைக்குத்தான். கோயிலுக்குப் போகும் வழியில், சாதாரணக் குரலில்: "தேங்கா சட்டினியில கடுகு போடப்பிடாதுங்கது ஒரு கொள்கையா?" திருநீற்று நெற்றி அசையவில்லை. மறுநாள்: "வருஷா வருஷம் பாலராமபுரத்துப் புடவ வாங்கித் தாறியள. எனக்கு வெள்ள பிடிக்காது. பச்ச பிடிக்கும். ஒரு தடவ கேட்டிருப்பியளா?" அதற்கடுத்த நாள்: "உங்க அக்கா செத்தப்ப நான் அழுதது வெங்காயத்துக்காக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். கண்ணாடியில் அவரும் சிரித்தார், அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து.

பிறகு பேச்சு நிற்கவில்லை. கை வீசத் தொடங்கியது. "நான் பி.ஏ. பாஸானவ. நெய்யாற்றின்கரையில எனக்கு ஒரு வேல கெடச்சுது. உங்க அப்பா வேண்டாம்னாரு, நீங்க ஒண்ணும் சொல்லல்ல. ஒண்ணும் சொல்லாம இருந்ததுக்காக்கும் எனக்கு வருத்தம்." இதைச் சொன்னபோதுதான் பாறசாலையில் என்னைத் தாண்டிப் போனாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை வருஷம் கேட்கிற காது இருந்தபோது அவளால் பேச முடியவில்லை. இப்போது முடிந்தது. சொல்லிவிட்டால் அவர் டாக்டரிடம் போவார், காதில் ஒரு கருவி வரும், அவள் பழையபடி "மெள்ளப் போங்க" என்பாள். இன்னொன்றும் உண்டு. கோர்ட்டைக் கழித்தால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

6

ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே பொழியூருக்குப் போனார்கள். எல்லைக்கல் கிடந்த இடத்தைப் பிள்ளைவாள் நேரில் பார்க்க வேண்டுமாம். பார்த்தார். மறுநாள் விசாரணையை வீட்டில் வைத்து ஒருதடவை பேசிக்கொள்ளலாம் என்று பத்ரோஸையும் அவன் மனைவி ஜேனட்டையும் காரில் ஏற்றிக்கொண்டார். கோட்டு அன்று இல்லை. பத்ரோஸ் முன்னால் ஏறினான். ஜேனட் பின்னால், நீலாம்பாளுக்குப் பக்கத்தில்.

பத்ரோஸ் பேசினால் கடலில் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும். அலைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "சாரே! அந்தக் கல்லு எங்க தென்னமூட்டிலயாக்கும் கெடந்தது! எங்க அப்பன் கண்ணால கண்ட கல்லு!"

"கேக்குது, கேக்குது" என்றார் பிள்ளைவாள், மகிழ்ச்சியாக. அவருடைய கட்சிக்காரர்களிலேயே தெளிவாகப் பேசுகிறவன் பத்ரோஸ்தான் என்று அடிக்கடி சொல்வார். வக்கீலுக்கு ஏதோ குறை என்று பத்ரோஸுக்கு ஒருநாளும் தோன்றாததும் இதனால்தான்.

"நாள செல்லசாமிய விடப்பிடாது சாரே! உங்க 'மறுபடி' ஒண்ணு போதும்!"

"மூணு போடுவேன்."

பள்ளம் வந்தது. பலகை கடகடவென்றது. பழக்கதோஷம்; பக்கத்தில் ஆள் இருப்பது நீலாம்பாளுக்கு மறந்துபோயிற்று.

"மூணு போட்டு கிருபாபாய்க்க கெணத்த மூடியாச்சு. இனி இவனுக்க வீடு" என்றாள், வழக்கமான குரலில்.

ஜேனட் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு முன்சீட்டைப் பார்த்தாள். வக்கீல் சாவதானமாகக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் பின்னால்தான் ஜேனட் இருந்தாள். கொஞ்சம் யோசித்தாள். அவருடைய பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, "சாரே, உங்க பின்னந்தலையில பல்லி" என்றாள்.

பிடரி அசையவில்லை.

பத்ரோஸ்தான் திரும்பினான். "என்ன பல்லி?"

"ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க."

ஜேனட் சீட்டில் சாய்ந்தாள். அவள் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"எப்பமிருந்து சேச்சி?"

"தெரியாது. எனக்கு இப்பமாக்கும் தெரிஞ்சுது."

"இப்பம்னா?"

நீலாம்பாள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பலகையை அழுத்தினாள்.

"எனக்கு மூணு பிள்ளைய உண்டு சேச்சி" என்றாள் ஜேனட். கத்தவில்லை, அழவில்லை. "மழைக்கு முன்ன ஓடு மாத்தினோம். நாள ஒரு நாளாக்கும். அவிய காதுல விழாட்டா எங்களுக்கு மண்ணு இல்ல. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நீ சொன்னா அவிய நம்பமாட்டாரு. சிரிப்பாரு."

"அப்பம் நீங்க சொல்லுங்க. ஜூனியர் ரெனில் இருக்காருல்லா? அவரு விசாரிக்கட்டும். அந்தப் பையனுக்குக் காது உண்டு."

"சொன்னா…" என்று தொடங்கினாள் நீலாம்பாள்.

"சொன்னா என்ன? சாருக்கு மனசு நோவும், வெஷமம் வரும். வரட்டும். வெஷமத்துக்கு மேல ஓடு உண்டுல்லா உங்களுக்கு."

பாறசாலைக்குள் நுழையும் முன் ரயில் கேட் அடைத்திருந்தது. நெல்லையப்பன் எஞ்சினை அணைத்தார். முன்னால் பத்ரோஸும் பேச்சை நிறுத்தி ரயிலைப் பார்க்கக் கழுத்தை நீட்டினான்.

7

இப்போது எனக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதிப்பார்த்தேன்.

ஒன்று. நீலாம்பாள் மறுநாள் கோர்ட்டுக்குப் போகிறாள். கணவர் பக்கத்தில் நின்று, சாட்சி சொல்வதை அவர் காதில் சொல்கிறாள். வழக்கு ஜெயிக்கிறது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இந்த முடிவில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவதால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தவிர, கோர்ட்டில் விடமாட்டார்கள்.

இரண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை. செல்லசாமி மீசைக்குள் உண்மையைச் சொல்கிறார், பிள்ளைவாள் "மறுபடி" என்கிறார், பத்ரோஸ் கூரை ஓட்டைக் கழற்றுகிறான். விமர்சகர்களுக்கு இது பிடிக்கும். நடப்பியல் என்பார்கள். எனக்கு ஒரு பாராட்டு கிடைப்பதற்காக மூன்று பிள்ளைகளை மழையில் நிறுத்த வேண்டும். வேண்டாம்.

மூன்று. அவள் சொல்கிறாள், அவர் நொறுங்குகிறார். இதை எழுதத் தொடங்கி, "அவருடைய கண்களில்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவரை இவ்வளவு நேரம் கிண்டலடித்தவன் நான். அவர் நொறுங்குவதை வருணிக்கும் யோக்கியதை எனக்கில்லை.

ஆகவே நான் ரயில் கேட்டுக்கு இந்தப்பக்கம் இறங்கிக்கொள்கிறேன். நடப்பதை மட்டும் சொல்கிறேன். ரயில் இன்னும் வரவில்லை. தண்டவாளம் மட்டும் லேசாக முனகத் தொடங்கியிருக்கிறது. ஜேனட் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நீலாம்பாள் முன் சீட்டின் முதுகைப் பிடித்து முன்னால் சாய்ந்துவிட்டாள். அவள் வாய் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாக்கியம் தயார். நாலே சொல்தான், கீழே எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் அச்சில் சத்தம் கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கிப் போட்டாலும் அவருக்குக் கேட்காது. கதை எழுதுகிறவனின் குரல் இவ்வளவுதான் போகும். இதை நீங்கள் மனசுக்குள் வாசித்தால் அவள் முணுமுணுத்ததாக ஆகும். அவர் திரும்பமாட்டார், நாளைக்குக் கூண்டில் செல்லசாமி ஏறுவார். வாய்விட்டு வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது "என்ன?" என்று கேட்கக்கூடும். அந்த "என்ன?"வுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரயில் வருவதற்குள் முடிவு செய்யுங்கள்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்குக் கேக்கல்ல."